பெங்களூரில் தமிழ்ப் படம் பேசும் விமர்சக நண்பர்களுக்கு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் முதல் காட்சி முடிந்ததும் மைக் பிடிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய படங்களை அலசுபவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஓடாத படங்களுக்கு நீங்கள் தாமதமாகவாவது நியாயம் செய்கிறீர்கள். அந்தப் படங்களில் திட்டு வாங்கிய நடிகர்களுக்கு அது போய்ச் சேருவதில்லை.

'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது குழப்பம் என்று ஒதுக்கினோம். 2021 கடைசியில் மறுபடி திரைக்கு வந்தபோது கொண்டாடினோம். பாராட்டெல்லாம் இயக்குநர் செல்வராகவனுக்கும் சோழ மன்னனாக நடித்த பார்த்திபனுக்கும் போனது. அனிதாவாக நடித்த ரீமா சென் பற்றி யார் பேசினார்கள்? 'மின்னலே'யில் மழையில் ஆடிய பெண்ணையே எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, ஈவிரக்கமில்லாத அனிதாவைப் பிடிக்கவில்லை. தன்னைத் தூதுவர் என்று சொல்லிக்கொண்டு சோழ மன்னன் முன் நிற்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். பயத்தை மறைக்கிறார், வஞ்சகத்தையும் மறைக்கிறார். நமக்கு மட்டும் இரண்டும் தெரிகிறது. குரல் இரவல்தான். கண்ணும் கழுத்தும் தோளும் அவருடையவை. தமிழில் ஒரு கதாநாயகிக்கு இப்படியொரு வேடம் கிடைப்பதே அரிது. அதை ரசிகர்களின் தயவு தேடாமல் செய்தவரை 'ஓவர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

'ஆளவந்தான்' (2001) கமலுக்கும் அதே சொல்தான். உடம்பை ஏற்றி, தலையை மழித்து, மனம் பிறழ்ந்த நந்துவாக வந்தவரின் மிகையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நந்துவுக்கு உலகமே மிகையாகத்தானே தெரிகிறது? அவன் பார்வையில் வன்முறை கார்ட்டூனாகவே மாறும் படம் அது. அங்கே அடக்கி நடித்திருந்தால் அதுதான் பிழை.

எனக்கு மிகவும் வலிப்பது 'இருவர்'. 1997இல் மக்கள் ஏற்காத படம். பிறகு பிரகாஷ் ராஜுக்கும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது, இருவருக்கும் தகும். ஆனந்தனாக நடித்த மோகன்லாலைப் பற்றி நம் பக்கம் இன்றும் காதில் விழுவது 'தமிழில் மலையாள வாடை' என்ற குறைதான். ஆனந்தனைப் பார்த்ததும் நம் நினைவுக்கு வரும் எம்.ஜி.ஆரும் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர்தானே! சென்னைக்குப் போனால் நம் பேச்சில் கன்னடம் வீசுகிறது என்று கேலி கேட்டு வளர்ந்த பெங்களூர்த் தமிழர்களான நாமே இந்தக் குறையைச் சொல்லலாமா? மொட்டை மாடியிலிருந்து கீழே கூடிய ஜனத்தை, பிரகாஷ் ராஜ் நடித்த தமிழ்ச்செல்வன் காட்டும்போது, அந்த ஆரவாரம் தனக்குத்தான் என்பது ஆனந்தனின் முகத்தில் மெல்ல ஏறுகிறது. கூச்சம் முதலில், அப்புறம் ருசி. வசனம் சொல்லாததை முகம் சொல்லிவிடுகிறது.

பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. எந்தக் காட்சியில், எந்த அசைவில் பிசகியது என்று சொல்லுங்கள். வசூலை நடிப்பின் தலையில் கட்டாதீர்கள். அடுத்த முறை பழைய படம் ஒன்றைத் தூக்கிப் பேசும்போது இயக்குநரோடு நிறுத்தாமல், அன்று அடி வாங்கிய நடிகரின் ஒரு காட்சியையாவது முழுதாகப் போட்டுக் காட்டிப் பேசுங்கள். ரீமா சென்னின் அந்த அரசவைக் காட்சியிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
அல்சூர் ரசிகை ஒருத்தி