அந்தியேட்டி அறிவித்தலும் ஒரு அற்றோணித் தத்துவமும்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.
ஆவணி 2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் கிடைத்தது. தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்து, றோட்டுத் தடைகளையும் எடுத்த பிறகுதான் இருந்து எழுத நேரம் வந்திருக்கிறது. கோபிக்காதே. நல்லூர்த் திருவிழா 25 நாளும் காணி உறுதி எழுதும் எங்கள் நொத்தாரிசுத் தொழிலில் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். காலையில் கோயிலில் கண்ட முகங்களே பத்து மணிக்கு என் கந்தோர் வாங்கில் இருக்கும். லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருப்பார்கள். எல்லாருக்கும் மூன்று கிழமை லீவு. அதற்குள் ஒரு காணியை விற்க வேண்டும், ஒன்றை வாங்க வேண்டும், ஒன்றைப் பிள்ளைக்கு எழுத வேண்டும்.

அம்மா சுகம். முழங்கால் நோ மட்டும் குறையவில்லை. உன் வீட்டுப் பின்வளவு மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. இப்போது இருப்பவர்கள் ஒரு பை நிறையத் தந்தார்கள்.

சட்டங்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்க நீ தனியாக எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அங்கே இங்கிலாந்தில் நடந்த டிரீம்வார் வழக்கைப் பற்றியும் எழுதியிருந்தாய். சொந்தக்காரர் போல நடித்த ஒருவன் வீட்டை விற்றுப் பணத்தோடு மறைந்ததும், 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவரின் சட்டத்தரணிகளோடு, விற்றவன் பக்கம் நின்றவர்களையும் பொறுப்பாக்கியதும். வாசித்துவிட்டுக் கன நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் எனக்கும் ஒரு விஷயம் நடந்தது. என்னிடம் வந்தவர் நடிக்க வந்தவர் இல்லை. நேர்மையான மனிதர். அதுதான் என்னைக் கூடப் பயப்படுத்தியது.

ஆனி மாதம் ஒரு தம்பி வந்தார். அவரின் மாமா லண்டனில். கோப்பாய்ப் பக்கம் மாமாவின் பெயரில் 6 பரப்புக் காணி, பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் சேர்ந்தது. மாமாவுக்காகக் காணியை விற்க அதிகாரம் தரும் பத்திரம், அற்றோணித் தத்துவம், மாமா கொடுத்தது கையில் இருந்தது. லண்டனில் எங்கள் உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்தது. ஒரு குறையும் இல்லை. தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்த்தோம், ஈடு இல்லை, வழக்கு இல்லை. அளவையாளர் படம் கீறித் தந்தார். வாங்குபவர் இளைப்பாறிய ஆசிரியை, பணிக்கொடைக் காசில் வாங்குகிறார். உறுதி எழுதி, வெள்ளிக்கிழமை ஒப்பம் வைப்பது என்று நாளும் வைத்தாயிற்று.

புதன்கிழமை காலை என் கிளாக்கர் ஐயா பேப்பரோடு வந்தார். அவர் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "பிள்ளை, இந்தப் பெயர் எங்கடை வெள்ளிக்கிழமை உறுதியிலை இருக்கிற பெயர்போலக் கிடக்கு" என்றார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை அறிவித்தல். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் சரி. மனிதர் லண்டனில் இறந்து ஒரு மாதம்.

கொடுத்தவர் போனால் அற்றோணித் தத்துவமும் அன்றோடு முடிந்தது என்பது நீயும் நானும் சட்டக்கல்லூரியில் படித்த பாடம். ஆனால் அந்தக் கடதாசியில் முத்திரை இருந்தது, பதிவு இலக்கம் இருந்தது. அது செத்துப்போனதை எந்தப் பதிவேடும் எனக்குச் சொல்லவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா கடைசியாய்ச் சொன்னதே இதை முடிச்சுவிடு எண்டுதான் அக்கா. பதிஞ்ச கடுதாசிதானே, செல்லும் எண்டு நினைச்சன்" என்றார். கண் கலங்கிப்போனார். அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. செத்தவீடு லண்டனில் நடந்ததால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த உறுதி முடிந்திருந்தால் அதைப் பதிவகத்திலும் பதிந்திருப்பார்கள். உங்கள் நாட்டில் பதிவில் வந்த உருத்துக்கு, அதாவது உரிமைக்கு, அரசாங்கமே பொறுப்பு நிற்கிறது. இங்கே 1927ஆம் ஆண்டு ஆவணப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவது உறுதியைத்தான். எது முந்திப் பதியப்பட்டது என்பதில் அதற்குப் பலன் உண்டு. செல்லாத உறுதியைப் பதிந்தாலும் அது செல்லாத உறுதிதான். அந்த ஆசிரியையின் முப்பது வருடச் சம்பாத்தியம் ஒரு மரண அறிவித்தலில் தப்பியது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, வசந்தி.

அதற்குப் பிறகு என் வேலை முறையை மாற்றிவிட்டேன். வெளிநாட்டுத் தத்துவத்தில் உறுதி என்றால், ஒப்பம் வைக்கும் நாளிலேயே சொந்தக்காரரை வீடியோவில் கூப்பிட்டுப் பேசுகிறேன். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறேன், காணியின் பெயரையும் எல்லையில் யார் யார் என்பதையும் கேட்கிறேன். கிழக்கே யார் என்று கேட்டால் உண்மையான சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு முழுக்கதையும் சொல்வார். பேசிய நேரத்தையும் சொன்னதையும் கோவையில் எழுதி வைக்கிறேன். தோம்பை அன்று காலையும் ஒருமுறை பார்ப்பித்து, உறுதி முடிந்த கையோடு பதிவுக்குக் கொடுத்துவிடுகிறோம். உறுதிப் பிரதிகளைப் பதிவகத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும் என்று மாதக் கடைசிவரை குவித்து வைக்கும் பழக்கம் என்னிடமும் இருந்தது. அதை விட்டுவிட்டேன். 2022இல் நொத்தாரிசுச் சட்டத்தையும் அற்றோணித் தத்துவச் சட்டத்தையும் மோசடித் தடுப்புச் சட்டத்தையும் திருத்தியபோது கூடுதல் வேலை என்று நாங்கள் எல்லாரும் முணுமுணுத்தோம். இப்போது நான் முணுமுணுப்பதில்லை.

காணி வாங்குகிறவரிடம் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் இன்னும் கஷ்டம். 2018ஆம் ஆண்டு வாடிக்கையாளர் பற்றிய உரிய விழிப்பு விதிகள் நொத்தாரிசுமாரையும் கட்டுப்படுத்தும். ஊரில் ஒரு பெரியவரிடம் போய் அதைக் கேட்டால் முகம் கறுத்துவிடும். நான் இப்போது கேள்வியைத் தாளில் எழுதி, எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கொடுக்கிறேன். தன்னை மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவர்களும் எழுதித் தருகிறார்கள்.

பங்குனியில் வந்த வர்த்தமானி பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. அந்தச் சித்திரை, வைகாசி மாதங்களில் என் கந்தோருக்கு வந்தவர்களை நீ பார்த்திருக்க வேண்டும். ஷொப்பிங் பையில் சுற்றிய உறுதிகள், கறையான் தின்ற உறுதிகள், 1995 இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு உறுதி இலக்கம் மட்டும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு ஆச்சி. ஆனிக் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெற்றது. மூச்சு வந்தது. ஆனால் மூன்று மாதத்தில் மனிதர்கள் எவ்வளவு ஒடுங்கிப்போனார்கள் என்பதை நான் மறக்க மாட்டேன். அப்போதிருந்து வருகிற எல்லாரிடமும் உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள் என்று சொல்கிறேன். மெத்தைக்குக் கீழே ஒரேயொரு உறுதி என்பது உருத்தைக் காப்பாற்றும் வழியில்லை.

சரி, கோப்பாய்க் காணிக்கு வருகிறேன். அது கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடியதேட்டம். ஆகவே பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகள் மூன்று பேருக்கு. மனைவி லண்டன் ஹறோவில் மூத்த மகளோடு இருக்கிறா. மகன் கனடாப் பிரசை, இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் காணி மட்டுப்பாட்டுச் சட்டம் இருப்பதால் தனக்குப் பங்கே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வழியுரிமையாக வருவதற்கு அந்தத் தடை இல்லை என்று விளக்கிச் சொன்னேன். இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து வெளிநாட்டுப் பிரசைகள் காணி வாங்க முடியாமல் தங்கை பெயரில், மச்சாள் பெயரில் எழுதுவிக்கிறார்கள். என்னிடம் வந்தால் நான் செய்வதில்லை. பத்து வருடம் கழித்துத் தங்கையின் பிள்ளைகள் எங்கள் அம்மாவின் காணி என்று சொல்லும்போது அவர்கள் சொல்வதில் பிழையும் இருக்காது. இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன். சிலர் வேறிடம் போகிறார்கள். போகட்டும்.

இளைய மகள் கொக்குவிலில். இவரின் கதைதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. கணவர் 2009இல் வன்னியில் காணாமற்போனவர். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டம். தகப்பன் வழியாக அவருக்கு வந்த பங்கில் கையெழுத்து வைக்க, பதினாறு வருடமாகக் காணாத ஒருவரின் சம்மதத்தை நான் கேட்க வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "அக்கா, காணி போனாலும் பரவாயில்லை, செத்தவர் எண்டு நான் எழுதிக் குடுக்கமாட்டன்."

இருப்பிடம் தெரியாத கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெற அதே சட்டத்தில் இடமுண்டு. அந்த விண்ணப்பத்தைத்தான் இப்போது தயாரிக்கிறேன். என்றாலும் அவர் ஏன் நீதிமன்றம் ஏற வேண்டும்? அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய இணுவில் 2 பரப்பைப் போன வருடம் நான் விற்றேனே, ஞாபகமா? இவ்வளவு காலம் ஊருக்கெல்லாம் உறுதி எழுதும் நான், இன்னொரு நொத்தாரிசின் முன்னால் இருந்து, பக்கத்தில் இருந்த என் கணவரைச் சம்மதித்துக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கேட்டேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேனாவை எடுத்தார், வைத்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது 12 முதலியார்மார் படித்துப் பார்த்துச் சரி என்றார்களாம். எங்கள் முதுசத்தையும் சீதனத்தையும் அது காத்தது என்பதை நான் மறுக்கவில்லை. சீதனம் பெண்ணின் சொத்து என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன வழமை இது. அதனாலேயே இந்தச் சம்மதப் பிரிவு எனக்கு இன்னும் நெருடுகிறது. மாற வேண்டிய சட்டம் இதுதான், வசந்தி. வர்த்தமானியை ஒரே இரவில் மாற்ற முடிகிறவர்களுக்கு இது நூறு வருடமாகக் கண்ணில் படவில்லை.

இன்னொரு விஷயம், நீயும் உன் ஆட்களுக்குச் சொல்லிவை. மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து தனி ஆட்களுக்கு நூற்றுக்கு 15. முன்பு 10. 2017 செப்டெம்பர் 30க்கு முதல் வாங்கிய காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதியை வைத்துத்தான் இலாபம் கணக்கு, அதனால் பலர் பயப்படும் அளவு வராது. ஆனால் பழைய வீதத்தை நினைத்து விலை பேசி அட்வான்சும் வாங்கியவர்கள் இரண்டு பேர் திருவிழாவுக்குள் என்னோடு சண்டை பிடித்தார்கள்.

இப்போது உன்னால் ஒரு உதவி வேண்டும். ஹறோவில் இருக்கும் அந்த அம்மாவிடமிருந்து புதிதாகத் தத்துவம் ஒன்று வர வேண்டும். வீடியோவில் பேசினேன். நான் என்ன கேட்டாலும் மருமகன் பக்கத்தில் இருந்து பதில் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனாலும் அந்த அம்மா ஒரு தடவையும் முழுதாக ஒரு வசனம் பேசவில்லை. நீ ஒருநாள் நேரில் போய், அவவோடு தனிய இருந்து, பாதிக் காணி தன்னுடையது என்று அவவுக்குத் தெரியுமா, விற்க மனம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். வேண்டாம் என்றால் ஆசிரியைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் காத்திருக்கச் சம்மதித்துத்தான் இருக்கிறார்.

தொலைபேசி இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடு. அதற்கு முதல் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போய்விடுவாவாம்.

அன்புடன்,
கௌரி