காலிமுகத்திடலில் வழி வரைந்து தந்த ஐயாவுக்கு நன்றி

அடுத்த மாதம் வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியாவுக்குக் குடிபெயரவிருக்கும் எங்களுக்கு, வீடு தேடுவதை விடப் பெரிய கவலையாக இருந்தது, குதிரையேற்றம் பழகும் என் மகள் அங்கே எந்தப் பாதையில் அச்சமின்றிச் சவாரி செய்யலாம் என்பதே. சென்ற ஞாயிறு மாலை கொழும்பின் கடலோரக் காலிமுகத்திடலில் இதைப் பற்றி நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட முதியவர் ஒருவர், "தம்பி, குறை நினைக்க வேண்டாம்" என்று தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எங்களுக்காகச் செலவிட்டார்.

இறால் வடை சுற்றிய தாளின் பின்புறத்தில் அவர் முதலில் வரைந்தது, 1873இல் அமைக்கப்பட்ட நுவரெலியாவின் கிரகரி வாவியைத்தான். ஏப்ரல் வசந்த காலத்தில் வாகன நெரிசல் மிகுவதால் அந்தப் பக்கம் விடியற்காலையில் மட்டுமே போக வேண்டும் என்றும், லாடம் அடித்த குளம்பு நனைந்த தார் வீதியில், குறிப்பாக இறக்கத்தில், வழுக்கும் என்பதால் மழை நாளில் மண் பாதையே நல்லது என்றும், தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கு நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்றும் விளக்கினார். எந்தப் பாதையையும் முதலில் நடந்து பார்க்கும்படி அவர் கூறியது எனக்குத் தோன்றவே தோன்றாத யோசனை.

1893க்கு முன்னர் கொழும்பின் குதிரைப் பந்தயங்கள் இதே திடலில்தான் நடந்தன என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். எண்ணெய் படிந்த அந்தத் தாள் மகளின் பையில் பத்திரமாக இருக்கிறது, ஐயா. மனமார்ந்த நன்றி.