நாயனத்துக்கு ஒரு முழுக் கச்சேரி கொடுங்கள்

நம் சேலத்து இசைவிழாக் குழுவின் செயலாளருக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

நான் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவன். 20 வருஷமாக உங்கள் விழாவுக்குத் தவறாமல் வருகிறேன். சங்கீதம் யாரிடமும் கற்றதில்லை. தறியில் உட்கார்ந்தபடி வானொலியில் கேட்டுக் கேட்டு ராகங்கள் பிடிபட்டன. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் முதல் நாள் சாயங்காலம் நடந்தது உங்களுக்கே தெரியும். அழைப்பிதழில் '5 மணி: மங்கள இசை' என்று ஒற்றை வரி, நாயனமும் தவிலும் வாசிப்பவர்கள் பெயர்கூட இல்லை. வாசல் பந்தலில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி ஜமக்காளம் விரித்து அவர்களை உட்கார வைத்திருந்தீர்கள். நாயன வித்வான் தோடி ராகம் எடுத்தார். உள்ளே ஒருவர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் பொறுத்துக்கொண்டு வாசித்தார். படிப்படியாக ஏறி மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ச' ஸ்வரத்தைப் பிடித்து அவர் நின்ற நேரம், சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. குழுவில் ஒருவர் கையை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்தினார். தோடி அப்படியே அறுந்தது. மணி பார்த்தேன், மொத்தம் 22 நிமிஷம்.

எல்லோரும் விருந்தினர் பின்னால் உள்ளே போய்விட்டார்கள். தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டார். வித்வான் நாயனத்தின் ஊதும் சீவாளியை எடுத்துத் துணியில் ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "தோடி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "நீங்க கேட்டீங்களா?" என்றார். தறியில் உட்கார்ந்தால் இப்போதும் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த விழாவில் ஒரு நாள், மாலையில், மேடையில், இரண்டரை மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரி வையுங்கள்.

அரங்கத்துக்கு நாயனம் சத்தம் அதிகம் என்று குழுவில் சிலர் சொல்வதாகக் கேள்வி. நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுருதியைத் தாழ்த்தி, நீளம் கூடிய பாரி நாயனத்தை, நாயனம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் செய்வித்து வாசித்தாரே! தோடி என்றால் பாட்டுக்காரர்களே அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். சத்தம்தான் கவலை என்றால் அன்றைக்கு மைக்கை எடுத்துவிடுங்கள், சரியாக இருக்கும். வெளியூர்ப் பெருமை எதற்கு? நாயன வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 1981-ல் பத்மஸ்ரீ வாங்கியபோது நாமகிரிப்பேட்டை நம் சேலம் மாவட்டம்தான். அவர் வாசித்த மண்ணில் நாயனக்காரருக்குச் செருப்புப் பக்கத்தில் இடம் கொடுத்தோம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கோயில்களில் தவில் இருந்த இடத்தில் மோட்டார் வைத்த முரசும் மணியும் அடிக்கின்றன. கல்யாணத்தில் தாலி ஏறியதும் நாயனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போடுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிக்க இடமில்லாமல் குறியீடு இருந்து என்ன? இதையெல்லாம் பார்க்கிற எந்த அப்பா தன் பிள்ளையை நாயனம் பழக அனுப்புவார்? சங்கீதம் தெரிந்தவர்கள் நீங்களே வாசலில் நிறுத்தினால் மற்றவர்களை என்ன சொல்வது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் மரியாதை இல்லாவிட்டால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். இந்த ஊரில் நல்ல பாட்டு கேட்க எனக்கு வழிவிட்டது உங்கள் விழாதான்.

அடுத்த வருஷத்து அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் இதைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். ஒரு முழு மாலை, இரண்டரை மணி நேரம், நடுவில் யார் வந்தாலும் நிறுத்தக் கூடாது. நாதஸ்வரம், தவில் இரண்டு பேர் பெயரையும் அழைப்பிதழில் போடுங்கள். அப்புறம், அன்று அவர்களுக்குப் போர்த்த வேண்டிய வெண்பட்டு இரண்டையும் என் தறியில் நானே நெய்து கொண்டுவருகிறேன். காசு வேண்டாம். தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைத் தறிக்காரன் ஒருவன்