இறக்கைப் பரிசோதனை: இந்தப் பருவத்துப் பறத்தலுக்கு முன்

துணி இறக்கை கொண்ட இலகு விமானம் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். இறக்கைத் துணி வெளுக்கவில்லை என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பாலியஸ்டர் துணியைச் சிதைக்கின்றன; நிறம் மாறும் முன்பே வலு குறைந்திருக்கலாம். துணிக்கு முன்பே தையல் நூல் வலுவிழப்பதும் உண்டு. ஆகவே, அதிக வெயில் படும் மேற்பரப்பில் ஊசியைச் செருகி, அதைச் சுருள்வில் தராசால் இழுத்து, துணி, தையல் இரண்டின் வலுவையும் சோதியுங்கள். அவை தாங்க வேண்டிய இழுவிசையின் எல்லை அளவை உங்கள் விமானத்தின் கையேட்டிலிருந்தே எடுங்கள். அடுத்தவர் விமானத்தின் எண் உதவாது.

முன்விளிம்புக் குழாயைத் துணிக்கு மேலாகவே அழுத்தித் தடவிப் பாருங்கள். சிறு நசுங்கல் தட்டுப்பட்டாலும் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தே ஆக வேண்டும். வளைந்த அலுமினியக் குழாயை நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மாற்றிவிடுங்கள்.

இறக்கையைத் தாங்கும் கம்பிவடங்களின் மேல் பருத்தித் துணியை ஓட்டினால் அறுந்த இழை அதில் சிக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம். முனைகளில், அழுத்திப் பொருத்திய உலோக உறைகளுக்கு அருகே, கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

கழுவ மென்மையான சோப்பும் நல்ல தண்ணீரும் போதும். ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள்.

சந்தேகம் தரும் எதையும் படமெடுத்து இங்கே அனுப்புங்கள். ஆய்வாளர் நேரில் பார்க்கும்வரை அந்த விமானம் கொட்டகையிலேயே இருக்கட்டும்.