'அவர்ஸ்' என்றால் யாருடையது? கிட் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2005 முதல் நீங்கள் வளர்த்துவரும் கிட் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது கொஞ்சம் சூடாக இருக்கும்.

இரண்டு பிராஞ்சுகளை (தனித்தனியே வளரும் வேலைக் கிளைகளை) இணைக்கும் மெர்ஜில் கான்ஃப்ளிக்ட் (மாற்றங்களின் மோதல்) வந்தால் ஒரே கோப்பின் மூன்று பதிப்புகள், அடுத்த பதிவுக்குத் தயார் செய்யும் இடமான இண்டெக்ஸில் உட்காரும் கதை உங்களுக்குத் தெரியும். ஒன்றில் இரு பக்கமும் பிரிவதற்கு முந்தைய பொது மூதாதை, இரண்டில் 'அவர்ஸ்' (ours, நம்முடையது), மூன்றில் 'தெயர்ஸ்' (theirs, அவர்களுடையது). என் கேள்வி அந்த இரண்டாவதைப் பற்றி.

போன வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு நாள் வேலையை மெயின் பிராஞ்ச் மேல் ரீபேஸ் செய்தேன், அதாவது என் மாற்றங்களைப் பெயர்த்து, எல்லோருக்கும் பொதுவான கிளையின் நுனியில் மறுபடி அடுக்கினேன். வட்டிக் கணக்குக் கோப்பில் கான்ஃப்ளிக்ட். நான் எழுதியதுதான் சரி என்று தெரியும். மோதலில் ஒரு பக்கத்துப் பதிப்பை எடுத்துக்கொள்ளும் 'கிட் செக்அவுட் --அவர்ஸ்' கட்டளையை அடித்து, ஆட் செய்து, கன்டினியூ கொடுத்தேன். ரீபேஸ் வெற்றி என்று செய்தியும் வந்தது. திங்கள் காலை, புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, "அண்ணா, நீங்க மாத்தின ரவுண்டிங் எதையுமே காணோமே" என்றான். பழைய நிலைகளைக் குறித்து வைக்கும் ரீஃப்லாக்கைத் தோண்டி மீட்டேன். அரை நாள் போனது. அவன் முன்னால் மானமும் போனது.

அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். செக்அவுட் பக்கத்தில், ரீபேஸின்போது இரண்டும் இடம் மாறியதுபோல் 'தோன்றலாம்' என்கிறீர்கள். தோன்றலாமா? ரீபேஸ் பக்கத்தில் மாறியிருக்கும் என்று நீங்களே அடித்துச் சொல்கிறீர்களே! காரணமும் தருகிறீர்கள்: அந்த நேரத்தில் நான் பொது வரலாற்றின் காவலனாம், கண்விழித்து நான் எழுதியது மூன்றாம் ஆளின் வேலையாம். தர்க்கம் புரிகிறது. ஆனால் கான்ஃப்ளிக்டில் சிக்கி நிற்பவனுக்குக் காவலன் பட்டம் எதற்கு? எந்தக் கோப்பு மிஞ்சும் என்று சொன்னால் போதாதா? தமிழ்க் காதில் 'அவர்ஸ்' முதலிலிருந்தே 'அவர்' என்றுதான் விழுகிறது. ரீபேஸில் அதுதான் சரியான பொருள் போலும்.

கேட்பது ஒன்றுதான். அந்த ஆப்ஷனை விளக்கும் அதே இடத்தில், கட்டளை வாரியாக, எது யாருடையது என்று எழுதுங்கள். மெர்ஜிலும், வேறு இடத்துக் கமிட்டை (பதிந்த மாற்றத்தை) எடுத்து வைக்கும் செர்ரி-பிக்கிலும் அவர்ஸ் என்பது நான் நிற்கும் பிராஞ்ச். ரீபேஸில் அது மெயின். என் கமிட்தான் தெயர்ஸ். பதியாமல் ஒதுக்கிய மாற்றங்களைத் திரும்ப எடுக்கும் ஸ்டாஷ் பாப்பில், ஒதுக்கி வைத்திருந்தது தெயர்ஸ். மூன்று வரி.

இது போதாதென்று மெர்ஜ் கட்டளையில் '-எஸ் அவர்ஸ்' (-s ours), '-எக்ஸ் அவர்ஸ்' (-X ours) என்று ஒரே பெயரை இரண்டுக்கு வைத்த புண்ணியவான் யாரோ! ஒன்று எதிர்ப்பக்க மாற்றங்களை ஏறெடுத்தும் பார்க்காது. மற்றது மோதும் இடங்களில் மட்டும் நம் பக்கம் சாயும். ஒரு தெருவில் இரண்டு முருகன் இருந்தால்கூட கடைக்கார முருகன், வாத்தியார் முருகன் என்றுதானே கூப்பிடுவோம்? குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று கையேட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. குழப்பியது நாங்களா?

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. தயவுசெய்து அந்தத் 'தோன்றலா'மை எடுத்துவிட்டு, எது யாருடையது என்ற அந்த மூன்று வரியைப் போடுங்கள். பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பச் சொன்னால் நானே அனுப்புகிறேன். அதை ரீபேஸ் செய்ய மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை அரை நாளைத் தொலைத்தவன்