‘அரசு வக்கீல்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கமலா ஹாரிஸ் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, அவர் கலிபோர்னியாவின் ‘அரசு வழக்கறிஞராக’ இருந்தார் என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே பட்டாசு வெடித்த நாட்களில் டீக்கடையிலும் “பெரிய கவர்மென்ட் வக்கீலா இருந்தவங்க” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தச் சொல்லில்தான் எனக்குக் குறை.

நம் மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல், அரசியல் சாசனத்தின் 165-வது பிரிவின்படி ஆளுநரால் நியமிக்கப்படுபவர். நடைமுறையில் ஆளுங்கட்சியின் தேர்வு. ஆட்சி மாறினால் அவரும் ராஜினாமா கொடுத்துவிடுவது வழக்கம். ஹாரிஸ் வகித்த பதவியான, அமெரிக்க மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல் கதை வேறு. 50 மாநிலங்களில் 43-ல் மக்களிடம் ஓட்டு கேட்டுத்தான் அந்த நாற்காலிக்கு வர வேண்டும். கலிபோர்னியாவில் 2010 தேர்தல் இரவிலேயே ஹாரிஸின் எதிர் வேட்பாளர் தான் வென்றதாக அறிவித்துவிட்டார்; சில வாரங்கள் எண்ணிய பிறகு, ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ் ஜெயித்தார்.

தொடக்கத்தில் அங்கேயும் நியமனப் பதவியாகத்தான் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் மாநிலப் பதவிகளுக்கெல்லாம் தேர்தல் என்ற அலை வீசியபோது இதுவும் மாறியது. நியூயார்க்கில் 1846 அரசியல் சாசனத்தோடு. (டென்னசியில் மட்டும் இன்றும் மாநில உச்ச நீதிமன்றம்தான் நியமிக்கிறது!)

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு மிசிசிப்பியைப் பார்க்கலாம். புகைபிடித்து நோயாளியான ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தே மாநிலத்தின் கஜானா கரைகிறது, அந்தச் செலவை சிகரெட் கம்பெனிகள் தர வேண்டும் என்று 1994-ல் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் வழக்குப் போட்டார். இவர் ஜனநாயகக் கட்சி, கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ் குடியரசுக் கட்சி. வழக்கை நிறுத்தச் சொல்லி, கவர்னரே தன் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போனார்! 1997-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அவர் மனு நிற்கவில்லை. அதே ஆண்டு கம்பெனிகள் மிசிசிப்பிக்கு 300 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு 46 மாநிலங்களோடு செய்த ஒப்பந்தம் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர். நியமிக்கப்பட்ட ஒருவராக இருந்திருந்தால் மூர் மறுநாளே வீட்டுக்குப் போயிருப்பார்.

சரி, எல்லாம் நல்லதா என்றால் இல்லை. பிரசாரத்துக்கு நன்கொடை வாங்க வேண்டும், கட்சியையும் அனுசரிக்க வேண்டும். அந்தப் பதவியைக் கவர்னர் நாற்காலிக்குப் போகும் படிக்கட்டு என்று அங்கே கேலி செய்வார்கள். பில் கிளிண்டன் ஆர்கன்சாவில் ஏறியதும் அந்தப் படிதான். அப்புறம், சிகரெட் கம்பெனிகள் தந்த பணத்தில் பெரும்பகுதியைப் பல மாநிலங்கள் புகையிலை ஒழிப்புக்குச் செலவழிக்காமல் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தின என்பதும் உண்மை. எனவே இங்கேயும் அட்வகேட் ஜெனரல் பதவிக்குத் தேர்தல் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற தேர்தல்களே நமக்குப் போதும்.

அடுத்த முறை எழுதும்போது ‘தேர்தலில் வென்ற அட்டர்னி ஜெனரல்’ என்று போடுங்கள். கூடுதலாக இரண்டு சொல்தான், இடம் ஒன்றும் அடைக்காது.

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி