மூச்சுக்குழாயைக் காப்பாற்றிய கைகளுக்கு

குமரி மாவட்டத்து அன்பர்களுக்கு வணக்கம். கழுத்தில் அடிபட்டு மூச்சுக்குழாய் சேதமானவர்களைக் காப்பாற்றத் துணைநிற்கும் உங்களுக்கு, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்களான எங்கள் நன்றிக் கடிதம் இது.

தாழத் தொங்கும் கேபிள் வயரில் பைக்கோடு மாட்டிக்கொண்டவர், ஸ்டீயரிங்கில் கழுத்து மோதியவர், அறுந்து தெறித்த கயிறு தொண்டையில் அடித்த கடல் தொழிலாளி. இவர்களில் பலருக்கு வெளியே ஒரு கீறல்தான் இருக்கும். உள்ளே குரல்வளை உடைந்திருக்கும். குரல் கம்மியதையும் இருமலில் ரத்தம் வந்ததையும் கவனித்து, சின்னக் காயம் என்று விட்டுவிடாமல் கூட்டிவரும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் கரையில் நிற்பவர்களுக்கும் முதல் நன்றி. கழுத்துத் தோலை அமுக்கும்போது பப்படம் நொறுங்குவதுபோல விரலுக்குத் தெரிந்தால், கிழிந்த மூச்சுக்குழாயிலிருந்து காற்று தோலுக்கடியில் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

108 ஊழியர்களே, கழுத்தெலும்பையும் கவனித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்பவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லி வற்புறுத்தாமல் கொண்டுவருகிறீர்கள். ரத்தமும் எச்சிலும் மிச்சமிருக்கும் மூச்சு வழியை அடைக்காமல் இருப்பது அதனால்தான்.

மயக்கவியல் மருத்துவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அவசரத்தில் வாய்வழியாக ட்யூபைத் தள்ளினால் அது கிழிசல் வழியே வெளியே போய்விடலாம்; ஒட்டிக்கொண்டிருக்கும் குழாயும் முழுதாக அறுந்து, கீழ்முனை நெஞ்சுக்குள் இறங்கிவிடலாம். தசையைத் தளர்த்தும் மருந்து போட்டாலோ, அவராக இழுத்துக்கொண்டிருந்த மூச்சும் நின்றுபோகும். அதனால் இத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் விழிப்பிலேயே, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, காயத்துக்குக் கீழே ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் வைப்பது, செய்கிறோம். அவ்வளவு நேரமும் தலைமாட்டில் நின்று, “இதோ முடிஞ்சிரும், அசையாதீங்க அண்ணே” என்று பேசிக்கொண்டே இருப்பது நீங்கள்தான்.

கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் குழாயின் முனைகளை 3-0 அல்லது 4-0 என்னும் மெல்லிய அளவுள்ள, தானே கரையும் நூலால் இணைக்கிறோம். முடிச்சு குழாய்க்கு வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் அதைச் சுற்றிச் சதை வளரும். பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாயையும் தேடிப் பார்க்காமல் மூடுவதில்லை. தவறவிட்ட ஒரு சிறு ஓட்டை போதும், எச்சில் கசிந்து நெஞ்சுக்குள் சீழ் பிடிக்க.

ஆபரேஷன் தியேட்டர் வேலை சில மணி நேரம். அதன்பின் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் செவிலியர்கள். சளியை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை ஒரு தடவைக்கு 10–15 வினாடிக்கு மேல் உள்ளே வைக்காமல், கழுத்து ட்யூபின் உள்குழாயைக் கழற்றிக் கழுவி, ஈரக்காற்று கொடுத்து, சளி காய்ந்து ட்யூப் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். தலை பின்னால் சாய்ந்து தையல் விட்டுப்போகாமலிருக்க, சிலருக்குத் தாடையை நெஞ்சோடு சேர்த்து ஒரு வாரம் தைத்து வைக்கிறோம். பார்க்கவே மனம் பதறும். அத்தனை நாளும் தலையணையைச் சரிசெய்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்துப் பேசிய அம்மாக்களுக்கும் மனைவிமாருக்கும் என்ன சொல்வது!

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, படியேறும்போது மூச்சில் சீழ்க்கை கேட்டால் உள்தழும்பு சுருங்கி மூச்சுக்குழாய் ஒடுங்குகிறது என்று பொருள். ஆஸ்துமா என்று மருந்து வாங்கிக் கொடுக்காமல், அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பக் கூட்டிவந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்